பச்சை விளக்கு எரியாத மத்தியானம்

றாஹிலா மேசைக்கடியில் முழந்தாளிட்டு, கணினிப் பெட்டியின் பின்புறத்தில் இருந்த வைபை டொங்கிளை மறுபடியும் உருவிக் குத்தினாள். இணையத்தைக் காற்றில் பிடிக்கும், பெருவிரல் நகமளவு கறுப்புத் துண்டு அது. நுனியில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. முன்புறத்துத் துளையில் போட்டாள். முக்காட்டு நுனியால் துடைத்து, வாயால் ஊதித் திரும்பவும் போட்டாள்.

"என்ன புள்ள, இன்னும் வரல்லியா?" வாசற்படியில் இருந்த றிஸ்வான் கேட்டான்.

"இல்ல. காலையில கம்பனிக்காரன்ட அப்டேட்டப் போட்டன். அதோட செத்துப் போயிற்று."

கொழும்பில் இணையத்தில் உடுப்பு விற்கும் கம்பனி ஒன்றுக்கு, சாய்ந்தமருதில் தன் வீட்டிலிருந்தபடியே அவள் வேலை செய்தாள். அளவு சரியாக வருமா, சாயம் போகுமா, பார்சல் எப்போது வரும் என்று வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்பதற்குப் பதில் எழுத வேண்டும். கணினி கம்பனி அனுப்பியது. றிஸ்வான் கொத்துவேலைக்காரன். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு பிசகிய நாளிலிருந்து வீட்டில் அடுப்பெரிவது இந்த வேலையால்தான்.

இணைப்பு வீதிக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் வீட்டிலிருந்து வந்தது. மச்சானின் கண் ஒப்பரேஷனுக்காக அவர்கள் எல்லோரும் கொழும்புக்குப் போயிருந்தார்கள். தங்கச்சிக்காக ரவுட்டரை அணைக்காமல் வீட்டைப் பூட்டி, திறப்பையும் கையோடு கொண்டுபோய்விட்டாள் ராத்தா. கம்பனியில் பதிந்து கொடுத்தது அந்த லைன்தான். போன் டேட்டாவில் வேலைப் பக்கம் திறக்காது.

றாஹிலா மேற்பார்வை செய்யும் அப்ரா மிஸ்ஸுக்குப் போன் எடுத்து டொங்கிளின் பெயரைச் சொன்னாள்.

"அந்த அடப்டர் எங்கட லிஸ்ட்லயே இல்லையே, றாஹிலா. லிஸ்ட்ல இருக்கிறதொன்ற வாங்கிப் போடுங்க."

"மிஸ், நேத்துவரைக்கும் நல்லா வேல செஞ்சது. நீங்க அனுப்பின அப்டேட்டப் போட்டாப் பிறகுதான்..."

"அப்டேட்ல ஒரு பிரச்சினையும் இல்ல. ஷிப்டுக்கு வந்திருங்க. உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு அப்சன்ட் இருக்கு, தெரியும்தானே?"

தெரியும். முதலாவது, பகல் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளில் விழுந்தது. இரண்டாவது, மகள் டெங்குக் காய்ச்சலில் சேலைன் ஏறக் கிடந்த நாளில். ஷிப்டு தொடங்கி அரைமணித்தியாலத்துக்குள் முதலாவது வாடிக்கையாளருக்குப் பதில் போகாவிட்டால் அப்சன்ட் தானாக விழும். மூன்றாவது விழுந்தால் கணக்கு மூடி, வேலை போய்விடும்.

அவளுக்கு ஞாபகம் வந்த ஆள் கோகுலன். காரைதீவுப் பொடியன். இதே கம்பனியில் வேலை செய்து வெறுத்துப்போய், இப்போது கல்முனை பஸாரில் ஒரு போன் கடையில் இருந்தான்.

"லிஸ்ட்ல இருக்கிற மாடல் கல்முனையில ஒருத்தரிட்டயும் இல்ல அக்கா," என்றான் அவன். "இருக்கிறத வச்சுத்தான் பாக்கணும். கட்டளை அடிக்கிற அந்தக் கறுப்புத் திரையத் திறந்து நான் சொல்றத அப்பிடியே அடியுங்க. பொறுங்க, ஒவ்வொரு எழுத்தா."

அடித்தாள். கணினியில் செருகியிருந்த சாமான்களின் பெயர்கள் வரிசையாக வந்தன.

"டொங்கிள் என்னண்டு கிடக்கு?"

"டிஸ்க் எண்டு கிடக்கு, தம்பி."

கோகுலன் சிரித்தான். "அது தன்ன ஒரு சீடி எண்டு சொல்லிக்கொண்டு கிடக்கு. உள்ளுக்க விண்டோசுக்குரிய சாமான வச்சிருக்காங்க, உங்கட கொம்பியூட்டர் விண்டோஸ் இல்ல. முதல்ல அந்தச் சீடிய வெளிய தள்ளணும். அதுக்குப் பிறகுதான் வைபையா மாறும்."

சொன்னபடி தள்ளினாள். பட்டியலில் பெயர் மாறி ஓர் இலக்கம் வந்தது. விளக்கு எரியவில்லை.

"அந்த நம்பருக்குரிய ட்ரைவர, அத ஓட வைக்கிற மென்பொருள, உங்கட அப்டேட் தூக்கிப் போட்டுது. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் அதத் திருத்தி இணையத்தில போட்டிருக்கான். எப்பிடிச் செய்யிறதெண்டு எழுதி அனுப்புறன். போன வயரால கொம்பியூட்டருக்குக் குடுத்து இறக்குங்க."

அவளுடையது பழைய போன்; அதில் வைபை பழுது. கதைத்துக்கொண்டிருந்தால் டேட்டா ஓடாது. கேட்பதென்றால் இறக்குவதை நிறுத்த வேண்டும், இறக்குவதென்றால் ஆளில்லாமல் தனியே இருக்க வேண்டும். அழைப்பை வெட்டினாள். கோப்பு வந்தது. அடுத்த வரியை அடித்தபோது திரை முழுக்க எழுத்துக்கள் ஓடின. நடுவழியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி விழுந்து எல்லாம் நின்றது.

பள்ளியில் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுகை முடிந்த கையோடு ஷிப்டு.

கோகுலன் போனை எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தாள். அடித்து ஓய்ந்தது. அதற்கடுத்த முறை மெல்லிய குரலில் கதைத்தான். "முதலாளி பக்கத்தில நிக்கிறார், அக்கா. கெதியாச் சொல்லுங்க." அவள் சிவப்பு வரியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அப்டேட்டோட வரவேண்டிய இன்னொரு பொதிய அவங்க அனுப்பல்ல. அத முதல்ல இறக்கணும். கொஞ்சம் பெரிசு. வைக்கிறன்."

பாதி இறங்கியதும் டேட்டா தீர்ந்தது.

"ரீலோட் போடணும்," என்றாள். றிஸ்வான் சுவரைப் பிடித்து எழுந்தான். ஒரு கையால் இடுப்பை அமத்திக்கொண்டு சந்திக் கடைப்பக்கம் வெயிலில் நடந்தான். சாதாரணமாக நடப்பவனுக்கு அது ஒரு தூரமே இல்லை. றாஹிலா திரையில் பாதியில் நின்றுபோன பதிவிறக்கக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியால் வந்தவர்கள் வாசலைக் கடந்து போனார்கள். ஷிப்டு தொடங்கிவிட்டது.

ரீலோட் வந்து போன் முணுமுணுத்தது. கோடு நகர்ந்தது.

இரண்டாம் முறை எழுத்துக்கள் ஓடியபோது சிவப்பு வரவில்லை. கடைசி வரி நின்றதும் மேசைக்கடியில் குனிந்தாள். டொங்கிளின் நுனியில் பச்சை துடித்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!"

வேலைப் பக்கம் திறந்தது. நேரம் இன்னும் இருந்தது. முதலாவது வாடிக்கையாளரின் கேள்வி வந்து காத்திருந்தது. விசைப்பலகையில் கைவைத்தபோது போன் அடித்தது. அப்ரா மிஸ்.

"றாஹிலா, உள்ளுக்கு வந்திட்டீங்கதானே? எப்பிடி வந்தீங்க? இங்க பாதிப் பேருக்கு அந்தப் பிரச்சினை. மேல இருந்து என்னப் போட்டு ஏசுறாங்க. நீங்க செஞ்சத முதல்லருந்து கடைசிவரைக்கும் எழுதி உடனே எனக்கு அனுப்புங்க."

"மிஸ், ஒரு ஆள் காத்திட்டிருக்காங்க. அவங்களுக்குப் பதில் போட்டுட்டு..."

"அத நான் பாத்துக்கிறன். முதல்ல இத அனுப்புங்க."

கறுப்புத் திரையில் மேலே ஏறிப்போய் ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதினாள். எழுத்துப் பிழைத்தால் வேலை செய்யாதென்று இரண்டு தரம் சரிபார்த்தாள். சீடியை வெளியே தள்ளுவதையும், விடுபட்ட பொதியை முதலில் இறக்குவதையும் மறக்காமல் சேர்த்தாள். அனுப்பிவிட்டுத் திரும்பியபோது வேலைப் பக்கம் சாம்பல் நிறமாக இருந்தது. உங்கள் கணக்கு மூடப்பட்டுள்ளது என்றிருந்தது. அதற்குப் பின்னால், மங்கலாக, அந்த வாடிக்கையாளரின் கேள்வி தெரிந்தது.

"மிஸ், அப்சன்ட் விழுந்திற்று. நீங்கதானே சொன்னீங்க..."

"சிஸ்டம் தானாப் போடுறது, றாஹிலா. எனக்கு மாத்த ஏலா. மேல கேட்டுப் பாக்கிறன். இப்ப வைங்க, எனக்கு லைன்ல ஆக்கள் நிக்கிறாங்க."

கொஞ்ச நேரத்தில் போனில் ஊழியர் குழுவுக்குச் செய்தி வந்தது. எமது தொழில்நுட்பப் பிரிவு கண்டறிந்த தீர்வு என்று தலைப்பு. கீழே அவள் எழுதிய வரிகள், அவள் விட்ட இடைவெளிகளோடு. நன்றி, நன்றி என்று ஒவ்வொருவராகப் பூப்போட்டார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் இந்தக் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள் என்று வந்தது.

றிஸ்வான் வியர்த்து வழிய வந்து படியில் மெதுவாக இருந்தான். "பச்ச எரியிதே!" என்றான் சந்தோஷமாக. அவள் வாய்திறக்குமுன் போன் அடித்தது. ஒலுவிலிலிருந்து ஸுஹைறா. அதே ஷிப்டில் இருப்பவள்.

"றாஹிலா ராத்தா, கம்பனி அனுப்பினதப் பாத்து அடிச்சன், நடுவில நிண்டிற்று. எனக்கும் ரெண்டு அப்சன்ட் இரிக்கி. பிந்தி வாறாக்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் குடுத்திருக்காங்களாம். அப்ரா மிஸ் போன் எடுக்கிறா இல்ல."

குழுவில் இருந்தவர்களுக்கு நேரம் நீட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் றாஹிலாவுக்குத் தெரிந்தது. அவள் கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் இருந்தாள்.

"எந்த வரியில நிக்கிது? வாசி."

ஸுஹைறா வாசித்தாள். அவள் அடித்ததில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதை றாஹிலா சொல்லிக் கொடுத்தாள். ஸுஹைறா திருத்தி அடித்தாள். பிறகு, போனுக்குள், டிங் என்றொரு சத்தம் கேட்டது. வேலைப் பக்கத்தில் வாடிக்கையாளர் வரும் சத்தம்.

"வந்திற்று ராத்தா! உங்களுக்கு எப்பிடி..."

"கதைச்சிக்கொண்டு நிக்காத. முதல் ஆளுக்குப் பதில எழுது."

"ஓம் ராத்தா, ஓம்."

அவசரத்தில் ஸுஹைறா போனை வெட்ட மறந்துவிட்டாள். டிங், டிங் என்று ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இடையிடையே விசைகள் வேகமாகத் தட்டுப்பட்டன. றாஹிலா போனைக் காதிலிருந்து எடுக்காமல் சாம்பல் திரைக்கு முன்னால் இருந்தாள்.