ஒரு பிடி உப்பு

ஆலை கேண்டீனில் ஒரு வேளைக்கு ஐந்நூறு பேருக்குச் சமைத்தவர் அவர். நோய்க்குப் பயந்து ஆலையை மூடியபோது அந்த அடுப்பும் அணைந்துபோனது. வீட்டில் சமையல் மனைவியின் பாடு. அன்று அவளுக்குத் தலைவலி என்பதால் அவர்தான் கஞ்சி வைத்தார். டப்பாவைத் தட்டிக் கொட்டிய கடைசி அரிசி. நிவாரண வண்டி வர இன்னும் இரண்டு நாள் ஆகும்.

கொதி வந்தது. மனம் எங்கோ இருந்தது. கை மட்டும் பழைய அண்டா நினைவில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுவிட்டது.

மகள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அப்பா, கடல் தண்ணி!"

மனைவி எழுந்து வந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவர் வசவுக்குக் காத்து நின்றார்.

"சரி, உங்க கேண்டீன் ஐந்நூறு பேர் எங்க? வரச் சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "உப்பில்லாம இன்னும் கொஞ்சம் அரிசி வேகவெச்சுக் கலந்தா சரியாயிடும்" என்றார். அரிசிக்கு எங்கே போவது?  பக்கத்து வீட்டில் கேட்டு வர அவள் கிண்ணத்தை எடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டார். "தப்பு என்னோடது. நான் போறேன்."

பக்கத்து வீட்டில் தையல்கார அக்கா. ஊரெல்லாம் துணி தைக்கிற யோசனையையே விட்டிருந்த காலம். முகக்கவசத்தோடு அவர் வாசலில் தள்ளி நின்று நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் காது சுட்டது. அவள் உள்ளே போய்ப் பையோடு அரிசியைத் தூக்கி வந்தாள்.

"ஒரு கிண்ணம் போதும்க்கா."

"அரிசி கெடக்குது தம்பி, கேஸ்தான் தீந்துபோச்சு. பசங்க வெறும் ரொட்டியைத் தின்னுட்டு இருக்கானுங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க சொன்னீங்களா?"

 பையை வாங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டு வீட்டுக்குமாகப் பெரிய பானை ஏறியது. உப்புச் சரியாக நின்றது. அக்கா வீட்டுப் பங்கை அவர்கள் வாசற்படியில் வைத்துவிட்டு விலகினார். பையன்கள் பாத்திரத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கதவுக்கு அந்தப்பக்கம் கரண்டி தட்டில் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.  கேண்டீனிலும் முதல் பந்தி இப்படித்தான் பேச்சின்றிச் சாப்பிடும். அவர் அங்கேயே நின்றார்.

"ஆறிப்போகுது, வாங்க" என்று மனைவி கூப்பிட்டாள்.

"இரு. இன்னும் கொஞ்சம் கேப்பாங்க" என்றார்.