வரும் அக்கா

இராசமணியின் வாயில் விநாயகமூர்த்தி மூன்றாவது கரண்டித் தண்ணீரை விட்டபோது, அது உள்ளே இறங்காமல் கடைவாயால் வழிந்தது. துவாயால் ஒற்றித் துடைத்தான்.

"தம்பி, உன்ரை மருந்து எப்ப வரும்?"

காதைக் கிட்டக் கொண்டுபோனதால்தான் கேட்டது.

"வரும் அக்கா."

இங்கிலாந்திலிருந்து இறுப்பிட்டிக்கு வந்து நான்கு நாள். ஒன்பது வருஷமாக அங்கே ஆய்வுகூடத்தில் அவனுக்கு ஒரே வேலைதான். உயிர்க்கலம் இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கும். அதற்கு வேண்டிய மூலப்பொருள் ஒன்றில் ஓர் அணுவை மட்டும் மாற்றிவைப்பான். புற்றுநோய்க் கலம் அதைச் சரியானதென்று நம்பி எடுத்துக்கொள்ளும். பிறகு பெருக வழியின்றிச் சாகும். எலிகளில் கட்டி சுருங்கத்தான் செய்தது. ஆனால் நல்ல கலங்களும் அதே பொய்யை நம்பின. குடல் வெந்து, கட்டிக்கு முந்தி எலி செத்தது.

முற்றத்தில் அத்தான் தில்லைநாதன் நின்றார்.

"கொஞ்சமெண்டாலும் கொண்டுவரேல்லையோ?"

"அது மனுசருக்குக் குடுக்கேலாது அத்தான். இன்னும் எலியோடைதான் நிக்கிறம்."

அவர் வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன வருஷம் மார்பிலை கட்டி கண்ட உடனை டொக்டர் வெட்டச் சொன்னவர். உம்மடை அக்கா கேக்கேல்லை. 'என்ரை தம்பி இதுக்குத்தான் மருந்து செய்யிறான், வரட்டும்' எண்டு இருந்திட்டா. போன மாசம்வரை உமக்கு எழுதவும் விடேல்லை. அவசரப்பட்டு வேலையைக் குழப்பிப்போடுவீராம்."

புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறோம் என்றுதான் அவன் அக்காவுக்கு எழுதியிருந்தான். அதை இப்போது யாருக்குச் சொல்வது?

மத்தியானத்துக்கு முன் அக்காவின் மூச்சு நின்றது. அவன் கரண்டியைக் கையில் வைத்தபடியே இருந்தான். யாரோ வந்து வாங்கினார்கள்.

மறுநாள் செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் அத்தான் அவனைக் காட்டி, "இவர்தான் மச்சான், புற்றுநோய்க்கு மருந்து செய்யிறவர்" என்றார். குரலில் கேலி இல்லை.

சுடலையிலிருந்து திரும்பிக் கிணற்றடியில் முழுகிவிட்டு வரும்போது, பக்கத்து வளவு நாகமுத்து வேலியோரம் காத்து நின்றாள்.

"தம்பி, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை." அவன் விரலைப் பிடித்துத் தன் காதுக்குக் கீழே அழுத்தினாள். கல்லுப்போல் இருந்தது.

"எவ்வளவு காலம்?"

"மாரிமழைக்கு முந்தித் துவங்கினது. நீங்கள் போய் மருந்தைச் செய்து அனுப்பினாப் போதும். அதுவரைக்கும் நான் பாத்துக்கொண்டிருப்பன்."

அவன் விரலை எடுக்கவில்லை.

"யாழ்ப்பாண பஸ் எத்தினை மணிக்கு?"

"மூண்டுக்கு. ஏன்?"

"சீலையை மாத்திக்கொண்டு வாங்கோ. இண்டைக்கே பெரியாசுபத்திரிக்குப் போவம்."

"செத்தவீட்டுக்காரர் நீங்கள்..."

"வாங்கோ அக்கா."

ஈர வேட்டியோடே தெருவுக்கு வந்தான். வெயிலில் தார் பளபளத்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பஸ்ஸைக் காணவில்லை. அவன் பஸ்ஸை மறிக்கக் கையை நீட்டியபடி நின்றான்.