ரேகை இல்லாத கைகள்

விடியுமுன்பே எங்கள் சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்துவிடும். ரத்தமும் மருந்தும் காய்ந்த விரிப்புகளை மூட்டை மூட்டையாக இறக்கி, பிளீச் கலந்த தொட்டியில், இஸ்திரி போடுகிறவர் மடிக்கிறவர் உட்பட எல்லோரும் வெறுங்கையால் அமுக்கி அலசுவோம். எங்களுக்குக் கண் எரியும், தொண்டை எரியும். முதலாளிக்கு ஒன்றும் எரியாது. அவர் கண்ணாடி அறைக்குள் இருப்பார்.

முதல் தொட்டியில் அலசும் அக்காவின் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அரசாங்க உதவித்தொகையில்தான் படிக்கிறாள். இந்த வருஷம் புது விதி வந்தது: தாயோ தகப்பனோ நேரில் வந்து விரல்ரேகை வைக்க வேண்டும். தகப்பன் இல்லாத பெண். வெள்ளிக்கிழமைக்குள் அக்கா வைக்காவிட்டால் உதவி நிற்கும், படிப்பும் நிற்கும்.

அரசாங்க ஆபீசுக்குப் போகிறோமே, கை சுத்தமாக இருக்கட்டும் என்று அக்கா இன்னும் கொஞ்சம் பிளீச் ஊற்றித் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனாள். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் மெஷினில் ரேகை விழாமல் சிவப்பு விளக்குதான் எரிந்தது. பதினாறு வருஷ அலசலில் ரேகை என்றைக்கோ போயிருந்தது. இந்த வேலையால்தான் அழிந்தது என்று முதலாளி கடிதம் கொடுத்தால் பார்க்கலாம் என்றாராம் குமாஸ்தா.

மறுநாள் கடிதம் கேட்கப் போனபோது துணைக்கு நானும் போனேன்.

"கையுறை குடுக்கலைன்னு நானே எழுதித் தரணுமா?" என்றார் முதலாளி.

"கையுறையப் பத்திப் பேச வரலைங்க. புள்ள படிப்பு நின்னுடும்" என்றாள் அக்கா.

"நின்னா இங்க கூட்டிட்டு வா. ரெண்டாவது தொட்டிக்கு ஆள் வேணும்."

வெளியே வந்து நான் சொன்னதும் எல்லோரும் அவரவர் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். இஸ்திரி அண்ணனின் மகனுக்கு அடுத்த வருஷம் கல்லூரி. "கைநாட்டு வைக்கக்கூட நமக்குக் கொடுத்து வைக்கல" என்றார் அவர். சிரிக்கத்தான் சொன்னார், யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டி வந்து நின்றது. மூட்டையை யாரும் தொடவில்லை; அக்காவோடு ஆபீசுக்குக் கிளம்பினோம். போகிறவர்கள் திரும்பி வரவேண்டாம் என்று முதலாளி வாசல்வரை வந்து கத்தினார். ஆனாலும் பதினான்கு பேரும் நடந்தோம்.

ஆபீசில் அக்கா விரலை வைத்தாள். சிவப்பு. அடுத்து நான். சிவப்பு. இஸ்திரி அண்ணன், மடிக்கும் பெண்கள் என்று வரிசையாக வைத்தோம். அத்தனையும் சிவப்பு. குமாஸ்தா மெஷினைத் துடைத்துப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"கடிதம் எங்கம்மா?"

அக்கா இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். "இதாங்க."

அவள் கைக்குப் பக்கத்தில் நாங்களும் வைத்தோம். மேஜையில் இடம் போதவில்லை. பெரிய அதிகாரியைக் கேட்டு வருகிறேன், காத்திருங்கள் என்று அவர் உள்ளே போனார்.

மத்தியானம்வரை குமாஸ்தா வெளியே வரவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தோம். செய்தி கேட்டுக் கல்லூரியிலிருந்து ஓடிவந்த மகள் அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அவள் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள்.