பூட்டுப் போட்ட பொத்தான்

எங்கள் சலவைக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு மகாராசா இருந்தார். முதலாளியின் மாப்பிள்ளை. ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு மஞ்சள் ஹெல்மெட்டோடு திரும்பியவர், அதற்கப்புறம் அதைக் கழற்றவேயில்லை. வாரை மட்டும் மாட்டமாட்டார், தாடை வலிக்குமாம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பைத் துவைத்து இஸ்திரி போடுகிற இடத்தில் தலைமேல் என்ன விழும்? தலையணை உறையா? ஹெல்மெட் மாப்பிள்ளை என்று பேர் வைத்தோம். அது அவருக்கும் தெரியும். அதில் பெருமை வேறு.

இஸ்திரி ரோலரில் எனக்கும் என் தங்கைக்கும் வேலை. ஈர விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக் கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே அவள் விடுவாள். மறுபக்கம் காய்ந்து வருவதை நான் மடிப்பேன். துணி சுருண்டால் பக்கத்துச் சுவரிலிருக்கும் சிவப்புப் பொத்தானைத் தட்டி நிறுத்துவோம். அது மாப்பிள்ளையின் கண்ணை உறுத்திவிட்டது.

"சும்மா சும்மா நிறுத்துறீங்க. அது ஆபத்துக்கு மட்டுந்தான்" என்றார். மறுநாளே பொத்தானுக்கு மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு, சாவி அவர் பாக்கெட்டில்.

"ஆபத்துன்னா உங்களைத் தேடிக்கிட்டு ஓடணுமா சார்?"

"முறைப்படி தகவல் சொல்லணும்."

அடடா, என்ன மூளை! தங்கை என் கையைக் கிள்ளினாள். "விடுக்கா, எதுக்கு வம்பு?" மடிக்கத் திரும்பிவிட்டேன். அவள் விரல்கள் உருளைப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண்ணும் கூடவே போனது.

ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை எங்கள் பக்கத்தில் நின்று, மூட்டையை எப்படிக் குனிந்து தூக்குவது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தூக்கிக் காட்டவில்லை, வாயால்தான். அப்போது, "அக்கா!" என்று ஓர் அலறல். கிழிந்த விரிப்பின் நூல் தங்கையின் விரல்களைச் சுற்றிக் கையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை பாக்கெட்டைத் துழாவினார். வீட்டுச் சாவி, கார் சாவி, பீரோ சாவி எல்லாம் ஒரே கொத்தில். எது எதுவென்று தெரியாமல் திருதிருவென்று முழித்தார்.

அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி, ஓங்கிப் பெட்டியில் ஒரு போடு போட்டேன். கண்ணாடி நொறுங்கியது. பொத்தானை அடித்தேன். ரோலர் நின்றது. தங்கையின் விரல் நுனிகள் வெந்து கொப்புளித்திருந்தன. ஆனால் விரல்கள் இருந்தன. அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அந்த ஹெல்மெட் உருப்படியாக ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் மாப்பிள்ளை புதுப் பெட்டியோடு வந்து நின்றார். மேசைமேல் வைத்துத் தட்டிக் காட்டினார். "உடையாத பிளாஸ்டிக். இனிமே யாரும் உடைக்க முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை கையில் கட்டோடு வீட்டில் கிடக்கிறாள், இந்த மனுஷனுக்கு முகத்தில் ஒரு வெட்கம் இல்லை.

"தாராளமா மாட்டுங்க சார். பூட்டிட்டு சாவியை எங்கிட்ட குடுங்க. நான் ரோலரைப் போடுறேன். என் தங்கச்சி இடத்துல நின்னு நீங்க ஒரே ஒரு விரிப்பு விடுங்க, போதும்."

துவைக்கிறவர்கள், மடிக்கிறவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளை உருளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கு மீட்டிங் இருக்கு" என்றார்.

"கையை நீட்டுங்க சார்."

இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடந்தார். பெட்டியை எடுத்துப் போகக்கூட அவற்றை வெளியே எடுக்கவில்லை.