திரும்பி ஏறிய ரத்தம்

“அவர எங்கயும் கூட்டிட்டுப் போகப்படாது. எங்க வீட்டுக்காரவ உசுரு பாதி அவருக்குள்ளதான் இருக்கு,” என்று கருத்தம்மா கத்தினாள்.

“ஒங்க புருசன் ஐஸ் பெட்டிக்குள்ள இருக்காவக்கா. இது எம்புருசன்,” என்றாள் மாரிச்செல்வி, முத்துப்பாண்டியின் சட்டையைப் பிடித்துக்கொண்டே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெரு எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறது. சாவு வீட்டில் உயிரோடு இருப்பவனுக்காக நடந்த சண்டை இதுதான் முதல். சாமியானாவுக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள் அரை அடி முன்னால் நகர்ந்தன.

செத்தவர் சந்தனம், கருத்தம்மாவின் புருசன். மில்லில் நைட் ஷிப்ட்காரர். டெங்குவில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போக, ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் கொடுக்க ஆள் கேட்டார்கள். கூமாப்பட்டிக் கிணற்றுப் பங்கில் முறைத்துக்கொண்டு, ஒன்பது வருஷமாக அண்ணன் வாசல்படி மிதிக்காத தம்பி முத்துப்பாண்டி வந்து கையை நீட்டினான். மாரிச்செல்வி துணைக்குப் போயிருந்தாள்.

வலி மாத்திரை எதுவும் போட்டானா, வயிறு நிறையச் சாப்பிட்டானா என்றெல்லாம் நர்ஸ் ஷெரின் கேட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்: “மெஷினு பிளேட்லெட்ட மட்டும் பிரிச்சு எடுத்துக்கிடும். மிச்ச ரத்தம் ஒங்களுக்கே திரும்பி ஏறிரும். உதடு விறுவிறுங்கும், லேசாக் குளிரும். உடனே சொல்லுங்க, மாத்திரை தாரேன்.”

சொன்ன மாதிரியே நடந்தது. ரத்தம் ஒரு குழாயில் போனது, மெஷின் உறுமியது, ரத்தம் திரும்பி வந்தது. மேலே தொங்கிய பையில் மஞ்சளாக என்னமோ சேர்ந்தது. முத்துப்பாண்டிக்கு உதடு விறுவிறுத்தது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையைச் சப்பக் கொடுத்துப் போர்த்திவிட்டார்கள். கருத்தம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயின் மறுமுனை சுவருக்கு அந்தப் பக்கம் தன் புருசன் கையில் இருப்பதாக அவளுக்கு நினைப்பு. அப்படி இல்லை என்று ஷெரின் இரண்டு தடவை சொன்னாள். கருத்தம்மா இரண்டு தடவையும் தலையாட்டினாள்.

ரத்தம் திரும்பி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் சந்தனத்தின் மூச்சு நின்றது. மஞ்சள் பை அவரிடம் போகவே இல்லை.

புருசன் உசுரில் பாதி அந்த ரத்தத்தோடு முத்துப்பாண்டிக்குள் ஏறிவிட்டது என்றுதான் இப்போது கருத்தம்மாவின் சண்டை. பதினாறு முடியும்வரை கொழுந்தன் இங்கேயே இருக்க வேண்டுமாம்.

அதற்குள் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் பின்கதவைத் திறக்கப் போனார்கள். மழையில் ஊறிய கதவு. பக்கத்து வீட்டுப் பால்பாண்டியும் இன்னும் இரண்டு பேரும் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. முத்துப்பாண்டி எழுந்து போனான். தாழ்ப்பாளை லேசாகத் தூக்கி, கீழ் மூலையில் முழங்காலால் ஒரு இடி. திறந்துகொண்டது. புழக்கடை இருட்டாக இருந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத சுவிட்சைப் போட்டான்.

ஒப்பாரி நின்றது. இந்த வீடு, கிணற்றுச் சண்டைக்கு அப்புறம் கட்டிய வீடு.

“பாத்தியளா, அவிய இப்பிடித்தான் தொறப்பாவ,” என்றாள் கருத்தம்மா.

இதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, சந்தனம் அவனுக்குள் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால், அண்ணன் நைட் ஷிப்ட் போன நாட்களில் தம்பி இங்கே வந்து போயிருக்க வேண்டும். தெரு எந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டது என்று சொல்ல வேண்டியதில்லை. பால்பாண்டி இருமினார். முத்துப்பாண்டி தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாரிச்செல்வி ஒரு நிமிஷம் புருசனைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் கருத்தம்மாவை. பிறகு சட்டையை விட்டுவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“அக்கா சொல்றதுதான் சரி. மெஷின்ல ரத்தம் கலந்துபோச்சு. அத்தான்தான் இவருக்குள்ள வந்துட்டாவ.”

பேய் பிடித்த புருசன் என்றால் தலை நிமிர்ந்து தெருவில் நடக்கலாம். அவள் கணக்கு அது. முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

பிரேதத்தைத் தூக்கினார்கள். முத்துப்பாண்டி புழக்கடையில், வேப்பமரத்தைப் பார்த்து நின்றான். பக்கத்தில் மாரிச்செல்வி மட்டும். அவனுக்கு மறுபடியும் உதடு விறுவிறுத்தது. ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்று ஷெரின் சொல்லியிருந்தாள்; ஒரு நாள் ஆகிவிட்டது. திடீரென்று நெற்றியின் இடது பக்கத்தைப் பொத்திக்கொண்டான்.

“மெல்லத் தூக்குங்கலே. தலை இடிக்குது.”

“யாரு தலை?” என்றாள் அவள்.

முன்வாசலில் பால்பாண்டி யாரையோ வைதுகொண்டிருந்தார். நிலையில் இடித்துப் பிரேதத்தின் நெற்றியில், இடது பக்கம், தோல் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. மாரிச்செல்வி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். தம்பி பொண்டாட்டி என்னமா உருகுகிறாள் என்று தெரு மெச்சியது.

அந்த மஞ்சள் பை வத்திராயிருப்புப் பிள்ளை ஒருத்திக்கு ஏறியது. பிழைத்துக்கொண்டாள், தையில் கல்யாணமும் ஆயிற்று. கருத்தம்மா வீட்டைப் பூட்டிவிட்டு, பட்டாளத்திலிருக்கும் மகன் விமலோடு ஜபல்பூர் போய்விட்டாள். மாரிச்செல்வி புருசனை இழுத்துக்கொண்டு செட்டியார்பட்டிக்குக் குடி மாறினாள். அங்கே யாராவது வாசலில் நின்று ‘முத்துப்பாண்டி’ என்று கூப்பிட்டால், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாளாம். அவன் திரும்பிப் பார்த்த பிறகுதான் உள்ளே போகிறாளாம்.