திருட்டுத் தளத்தில் இதயம்

மார்ச் மூன்றாம் தேதி காலை, நான்காம் மாடி அலுவலகம் ஒன்றில், இணையப் பாடத்தளத்தின் உயிரியல் பக்கங்கள் அனைத்தும் எழுத்திலிருந்து படமாக மாற்றப்பட்டன. அவற்றை எழுதியவளிடம் யாரும் சொல்லவில்லை. மதியம் தம்பி போனில் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

“அக்கா, உன் சைட்டு ஊமையாயிடுச்சு. இதயத்தத் திறந்தா ‘படம்’ங்குது. கீழ போனா மறுபடி ‘படம்’. எங்க மேல என்ன கோவம் உனக்கு?”

தம்பிக்குப் பார்வை கிடையாது. போன் வாசிப்பதைக் கேட்டுத்தான் படிப்பான். எழுத்தாக இருந்தால் போன் வாசிக்கும். படமாக இருந்தால் அதற்கும் கண் தெரியாது. ஏற்கெனவே அவன் கோட்டைவிட்ட உயிரியல் தேர்வு, மறுபடி இந்த மாதக் கடைசியில்.

இதயப் பாடத்தை அவனை எதிரே உட்காரவைத்துத்தான் எழுதினாள். சிவப்புக் குழாய், நீலக் குழாய் என்று வாசித்தபோது கொட்டாவி விட்டான். “நிறத்த வச்சு நான் என்ன பண்ண? ரத்தம் எங்கேருந்து எங்க போகுது, அதச் சொல்லு.” அத்தனையையும் அழித்துவிட்டு, முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினாள். அப்படி எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

போனை வைத்துவிட்டு நேரே மேலாளர் அறைக்குப் போனாள். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். முன்பின் கேள்விப்படாத ஒரு தளத்தில் அவளுடைய பாடங்கள் வரி மாறாமல் கிடந்தன.

“ஈயடிச்சான் காப்பி மேடம். இனிமே படமாப் போட்டா எவனும் சுரண்ட முடியாதுல்ல?”

“பார்வை இல்லாதவங்க படிக்கவும் முடியாது சார்.”

“அப்படி எத்தன பேர் இருக்கப் போறாங்க?”

“எத்தன பேர் இருந்தா போதும்?”

அவர் சிரித்தார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அவரிடம் எதைக் கேட்டாலும் அடுத்த மாதம்தான். “மொதல்ல இதெல்லாம் என்னோட பாடம்தான்னு எனக்கு ரெண்டு வரி மெயில் போடுங்க. அத வச்சுப் புகார் குடுத்து அவன் கடைய மூடிடலாம்.”

சாயங்காலம் தம்பி மறுபடி கூப்பிட்டான். “இன்னொரு சைட்டு கெடச்சுதுக்கா. கடகடன்னு வாசிக்குது. உன்னவிட அவன் நல்லா எழுதறான்.”

“அது நான் எழுதினதுடா.”

“தெரியாதா எனக்கு? முஷ்டிய மடக்குன்னு மெரட்டறது வேற யாரு. ஆனா கடைசி நாலு பாடம் அங்க இல்லையே.”

திருட்டுக்குப் பிறகு எழுதியவை அவை. “உனக்கு நான் அனுப்பறேன்.”

“எனக்கு அனுப்புவ. உனக்கு எத்தன தம்பிக்கா? மத்தவங்க உன்ன எங்க வந்து தேடுவாங்க?”

அவளுக்கு எரிச்சலாக வந்தது. திருடியவன்மேலா, மேலாளர்மேலா, சாவகாசமாக நியாயம் பேசும் இவன்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், மேலாளர் கேட்ட மெயிலைப் பாதியில் விட்டுவிட்டு, அந்தத் திருட்டுத் தளத்தின் தொடர்பு முகவரிக்கு நான்கு பாடங்களையும் எழுத்தாக அனுப்பினாள். மூன்று மணிக்குள் அவை அங்கே ஏறிவிட்டன. எழுதியவர் என்ற இடத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆணின் பெயர் இருந்தது.