டப்பாவுக்குள் மூன்று பேர்

"அம்மா! டப்பாவக் குடு! டப்பா மாறிப்போச்சி!"

நகரத் தொடங்கிவிட்ட வெள்ளிமலை பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் அறைந்துகொண்டே ஓடினாள் சந்தியா. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பதறி வழிவிட்டது. தோளில் பை குதித்தது. வலது கையில் ரப்பர் பேண்ட் போட்ட எவர்சில்வர் டப்பா.

ஜன்னலோரத்திலிருந்து ராஜாம்பாள் தலையை நீட்டினாள். "இன்னாடி இது, நடுரோட்டுல மானத்த வாங்கற?"

"உன்னுது எங்கிட்ட கீது. என்னுது உங்கிட்ட கீது. சீக்கிரம் குடும்மா!"

ஒரு டப்பா உள்ளே போனது. அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்று வெளியே வந்தது. கண்டக்டர் விசில் அடிக்க, பஸ் கச்சிராயபாளையம் ரோட்டைப் பிடித்துக்கொண்டது.

சந்தியா டப்பாவைக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள். கடகடவென்று கனமாக உருண்டது. அப்பாடா.

எல்லாம் பெரியப்பா மகன் வெற்றிவேல் கல்யாணத்தால் வந்தது. தாம்பூலப் பையில் ஆளுக்கொன்றாக, மணமக்கள் பெயர் வெட்டிய டப்பா. இவர்கள் வீட்டில் மட்டும் நாலு சேர்ந்துவிட்டது. ஒன்றின் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்து, தன் பொம்மைச் சிப்பாய்களுக்கென்று ஒதுக்கியிருந்தாள். இன்று பஸ் ஸ்டாண்டில் குனிந்து பார்த்தால் கையிலிருந்த மூடியில் பொட்டைக் காணோம். அதற்குள் அம்மா, மலைமேல் வாக்கப்பட்ட அக்காவைப் பார்க்க இன்னொரு டப்பாவோடு பஸ் ஏறிவிட்டாள். அதனால்தான் அந்த ஓட்டம்.

மணி ஒன்பது நாற்பது. பத்துக்கு ஆட்டம்.

மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் ஆட்டம். அதுவும் இன்று சாதாரண ஆட்டமல்ல. கோயம்புத்தூர் போட்டிக்குப் போகும் அணியில் நாலு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவது இடம் இன்று ஜெயிப்பவருக்கு. போன வருஷம் சந்தியாவைப் புள்ளி எழுத மட்டும் உட்கார வைத்தார்கள். "பதினோரு பேர வெச்சிக்கினு எவனாவது சண்டைக்குப் போவானா?" என்று இன்றைய எதிராளி ஜெயப்பிரகாஷ் அப்போது கேட்க, ஹாலே சிரித்தது.

ஆமாம், பதினோரு பேர்தான். கட்டைவிரல் உயரத்தில், தலை முதல் கால் வரை கவசம் பூட்டிய ஈயச் சிப்பாய்கள். மருந்துக் கடை வேலை முடிந்து வந்து, பூதக்கண்ணாடி வைத்து, பதினாலு மாதம் வர்ணம் தீட்டியிருக்கிறாள். எட்டுப் பேர் பைக்குள் ஸ்பாஞ்ச் பெட்டியில். சம்மட்டி ஏந்திய மற்ற மூவர்தான் படையின் உயிர். அவர்களுக்குத்தான் டப்பா.

ஃப்ளெக்ஸ் கடைக்கு மேலே மாடி ஹால். பாதிப் படியில் நின்றாள். இந்த மூடியிலும் பொட்டு இல்லை. ரப்பர் பேண்டைக் கழற்றி மூடியைத் திறந்து பார்த்தாள்.

மூடினாள்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு ரப்பர் பேண்டை இரண்டு சுற்றாகப் போட்டுக்கொண்டு மேலே ஏறினாள்.

"இன்னா மேடம், முகமெல்லாம் வேர்த்துப் போச்சி? பயமா?" மேசைக்கு அந்தப் பக்கம் ஜெயப்பிரகாஷ். லேப்டாப் ரிப்பேர் செய்பவன். வாய் மட்டும் எப்போதும் ரிப்பேர் ஆகாது. அவன் முன்னால் அறுபது ஈட்டிக்காரர்கள், இருபது இருபதாக மூன்று கூட்டம்.

நடுவர் பொன்னுரங்கம், கீழ்க் கடை முதலாளி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "மேசைமேல மூணு மேடை. மேடைமேல நிக்கிறவன் செத்தாதான் மேடை கைமாறும். கடைசில மேடைக்கு நாலு புள்ளி. ஒரு கூட்டம் முழுசா செத்தா எதிராளிக்கு மூணு. அஞ்சு சுத்து. வெளிய நிறுத்தற கூட்டம் ரெண்டாவது சுத்துல இருந்து எந்த ஓரத்துலயும் உள்ள வரலாம். நாலாவது சுத்து முடியறதுக்குள்ள வரலன்னா செத்த கணக்கு. சந்தியா, யாரம்மா வெளிய?"

"சம்மட்டிக்காரங்க மூணு பேருண்ணே." டப்பாவை மேசை ஓரத்தில் வைத்தாள். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

எட்டுப் பேரும் நாலு நாலாகப் பிரிந்து நகர்ந்தார்கள். கவசக்காரர்கள் சுற்றுக்கு நாலு அங்குலம்தான் நடப்பார்கள். இடது மேடையில் ஏறினார்கள். நடு மேடையிலும் ஏறினார்கள். வலது மேடை ஜெயப்பிரகாஷுக்கு. அங்கே ஓர் ஆளை விட்டுவிட்டு இரண்டு கூட்டத்தின் மற்ற முப்பத்தொன்பது ஈட்டிகளும் இவள் பக்கம் திரும்பின. அடி ஒவ்வொன்றுக்கும் பகடை. மூன்றும் அதற்கு மேலும் விழுந்தால் கவசம் தாங்கும்.

மூன்றாவது கூட்டம் மட்டும் அசையவில்லை. இருபது பேரும் அவன் பின்பக்கத்து ஓரத்தில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, சம்மட்டிக்காரர்கள் அந்த வழியாக வராமல் காவல் நின்றார்கள்.

"இந்தச் சுத்துல வராங்களா?" அவன் கண் டப்பாமேலேயே இருந்தது.

"அவசரம் இன்னா?"

மூன்றாவது சுற்று. நடு மேடையில் இரண்டு பேர் விழுந்தார்கள்.

"இப்ப?"

"நீ உன் வேலயப் பாரு."

நாலாவது சுற்றில் அவள் உருட்டிய பகடை ஒன்று ஓடிப்போய் டப்பாவில் சாய்ந்து நின்றது. "செல்லாது, மறுபடி போடு," என்றார் பொன்னுரங்கம். ஜெயப்பிரகாஷ் டப்பாவை நகர்த்தக் கை நீட்டினான்.

"தொடாத!"

ஹால் திரும்பிப் பார்த்தது. அவள் வெடுக்கென்று டப்பாவை இழுக்க, உள்ளே கடகடவென்று உருண்டது. ஜெயப்பிரகாஷ் காதைச் சாய்த்துக் கேட்டான். முகம் மாறியது.

"யம்மா, கனமாத்தான் கீறானுங்க. கடைசி நேரத்துல என் முதுகுல எறக்கலாம்னு பாக்கறியா? நடக்காதுடி கண்ணு." இருபது பேரையும் ஓரத்தோடு இன்னும் நெருக்கி நிறுத்தினான்.

சந்தியா மறுபடி உருட்டினாள். நாலு. கவசம் தாங்கியது.

"நாலாவது சுத்து முடிஞ்சிது," என்றார் பொன்னுரங்கம். "சம்மட்டிக்காரங்க வரல. செத்த கணக்கு. ஜெயப்பிரகாஷுக்கு மூணு."

ஜெயப்பிரகாஷ் ஒரு கணம் விழித்தான். பிறகு கடைசிச் சுற்றில் அந்த இருபது பேரையும் திருப்பி நடு மேடைக்கு ஓட விட்டான். ஸ்கேல் வைத்து அளந்தார்கள். ஓர் அங்குலம் குறைந்தது.

இன்னொருவனும் விழுந்து, நடு மேடையில் இப்போது ஒரே ஒருவன். மூன்று அடி விழுந்திருந்தது. மூன்று பகடை. சந்தியாவின் உள்ளங்கை ஈரத்தில் அவை ஒட்டிக்கொண்டன. உதறினாள்.

ஐந்து. மூன்று. கடைசிப் பகடை சுழன்றது, சுழன்றது, படுத்தது.

மூன்று.

"சந்தியா ரெண்டு மேடை, எட்டு. ஜெயப்பிரகாஷ் ஒரு மேடை நாலு, செத்த கூட்டத்துக்கு மூணு, மொத்தம் ஏழு." பொன்னுரங்கம் பேனாவை மூடினார். "கோயம்புத்தூருக்குத் துணி எடுத்து வெச்சிக்கம்மா."

சந்தியா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றான் ஜெயப்பிரகாஷ். குரலில் எகத்தாளம் இல்லை. "எறக்கியிருந்தா ஜாஸ்தி புள்ளியில ஜெயிச்சிருப்ப. ஏன் எறக்கல?"

செல்போன் அதிர்ந்தது. அம்மா. சந்தியா எடுத்தாள். ராஜாம்பாள் கத்தியது எதிரில் இருந்தவனுக்கே கேட்டது. "ஏண்டி, பொட்டக் காணோம்னா வாயத் தொறந்து கேக்கறதுதான? நாந்தாண்டி போன வாரம் நார் போட்டுத் தேய்ச்சேன்! இங்க சம்பந்தி முன்னாடி டப்பாவத் தொறந்தா உள்ள உன் பொம்மைங்க..."

சந்தியா போனை அணைத்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றி, டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள்.

உள்ளே மூன்று பொரிவிளங்காய் உருண்டைகள்.

"எடுத்துக்கோ," என்றாள். "பாத்துக் கடி. பல்லு போயிடும்."